புதுச்சேரியில் இயற்கை விளைபொருள்: எதை எங்கே வாங்குவது?

என் தங்கை போன மாதம் லாஸ்பேட்டைக்குக் குடிவந்தாள். சாமான் மூட்டைகளைக்கூட இன்னும் பிரிக்கவில்லை, அதற்குள் "அக்கா, இங்கே ஆர்கானிக் எங்கே வாங்குறே?" என்று கேட்டுவிட்டாள். கைக்குழந்தைக்காரி. அடுத்த மாதம் குழந்தைக்குச் சோறு ஊட்டத் தொடங்கப் போகிறாள், அந்தக் கவலை. ஒரு கடையின் பெயரைச் சொல்லிவிட்டு என் வேலையைப் பார்த்திருக்கலாம். மூன்று வருடம் இதில் காசை விட்டவள் என்பதால் அப்படிச் சொல்ல வாய் வரவில்லை.

காரணம் ஒரு சனிக்கிழமை. வீட்டில் விசேஷம், பூ வாங்க விடியற்காலை ஐந்தரைக்குப் பெரிய மார்க்கெட்டுக்குப் போயிருந்தேன். காய்கறி மூட்டை இறக்கும் இடத்தில் ஒரு பையன் காலிஃபிளவரையும் கத்தரிக்காயையும் பச்சை பிளாஸ்டிக் கிரேட்டில் அடுக்கிக்கொண்டிருந்தான். கிரேட்டின் பக்கவாட்டில் இலைப் படம் போட்ட ஸ்டிக்கர். நான் வாரா வாரம் காய் வாங்கும் ஆர்கானிக் கடையின் ஸ்டிக்கர் அது. பத்து மணிக்குக் கடைக்குப் போனேன். அதே காலிஃபிளவர், 'இன்று பண்ணையிலிருந்து' என்ற பலகைக்குக் கீழே, மார்க்கெட் விலைக்கு இரண்டு மடங்கில் உட்கார்ந்திருந்தது. கேட்டேன். "வரத்து கம்மி மேடம், ரெண்டு நாளைக்கு அட்ஜஸ்ட் பண்ணிக்கிட்டோம்" என்றார் கல்லாவில் இருந்தவர், கொஞ்சமும் கூச்சமில்லாமல்.

கோபம் வந்தது, அப்புறம் என் மேலேயே திரும்பியது. அது ஐப்பசி மாதம். இந்தக் கடற்கரை ஊரில் அடைமழைக் காலத்தில் எந்தப் பண்ணையில் காலிஃபிளவர் விளையும் என்று நான்தான் யோசித்திருக்க வேண்டும். கேரட், பீன்ஸ், கோஸ், காலிஃபிளவர் எல்லாம் மலையிலிருந்தும் கர்நாடகத்திலிருந்தும் லாரியில் வருபவை. வருடம் முழுக்க ஒரே இருபது காயை ஒரே அழகில் அடுக்கி வைத்திருக்கும் கடை, பக்கத்துப் பண்ணையிலிருந்து வாங்குவதாகச் சொன்னால் நம்ப வேண்டாம். உண்மையாகவே பண்ணையிலிருந்து வாங்கும் கடையில் கார்த்திகை மாதம் பாதித் தட்டு காலியாகத்தான் கிடக்கும்.

அன்றோடு கடையை வைத்து முடிவு செய்வதை விட்டேன். இப்போது பொருளை வைத்துத்தான் முடிவு. அரிசிக்கு ஒரு இடம், கீரைக்கு ஒரு ஆள், எண்ணெய்க்கு ஒரு செக்கு. சில பொருளுக்கு ஆர்கானிக் என்று தேடுவதே வீண். தங்கைக்குச் சொன்னதும் இதுதான்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்ள வேண்டியிருக்கிறது. 'நாட்டு' என்றால் விதை நாட்டு விதை, அவ்வளவுதான். நாட்டுக் கத்தரிக்காய்க்கும் காய்ப்புழு வரும், அதற்கும் மருந்து அடிப்பார்கள். 'பாரம்பரிய' அரிசி என்றால் ரகம் பழையது. 'பண்ணை', 'ஃப்ரெஷ்', 'மண் மணம்' இதெல்லாம் பெயிண்டர் எழுதுவது. பாக்கெட்டில் 'ஆர்கானிக்' என்று போட்டு விற்பதற்குத்தான் சட்டம் இருக்கிறது. 2017-ல் உணவுப் பாதுகாப்பு ஆணையம் கொண்டுவந்த விதிப்படி அதற்குப் பின்னால் இரண்டில் ஒரு சான்று இருக்க வேண்டும்.

ஒன்று என்பிஓபி, அதாவது மத்திய அரசின் தேசிய இயற்கை உற்பத்தித் திட்டம். சான்றளிக்கும் அமைப்பிலிருந்து ஆய்வாளர் வந்து நிலத்தையும் கணக்கையும் பார்ப்பார். தமிழ்நாட்டில் கோவையில் இருக்கும் அரசின் சான்றளிப்புத் துறையும் இதைச் செய்கிறது. ரசாயனத்தை நிறுத்திய அன்றே சான்று கிடைத்துவிடாது. நெல், காய்கறி போன்ற பயிருக்கு இரண்டு வருடம், மா, தென்னை போன்ற மரப்பயிருக்கு மூன்று வருடம் நிலத்தை ஆறவிட வேண்டும். மற்றது பிஜிஎஸ், அதாவது பங்கேற்பு உத்தரவாத முறை. குறைந்தது ஐந்து விவசாயிகள் குழுவாகச் சேர்ந்து, ஒருவர் வயலை இன்னொருவர் பார்த்து உறுதி சொல்வது. செலவு குறைவு என்பதால் சின்ன விவசாயிகள் பெரும்பாலும் இதில்தான் இருக்கிறார்கள். 'பிஜிஎஸ் கிரீன்' என்றிருந்தால் நிலம் இன்னும் மாறிக்கொண்டிருக்கிறது, 'பிஜிஎஸ் ஆர்கானிக்' என்றிருந்தால் மாறி முடிந்தது. சான்று பெற்ற பாக்கெட்டில் 'ஜைவிக் பாரத்' முத்திரையைப் பார்க்கலாம்.

இதில் ஒரு விலக்கு இருக்கிறது, நம் ஊர்ச் சந்தையைப் புரிந்துகொள்ள அதுதான் முக்கியம். சின்ன விவசாயி தான் விளைவித்ததைத் தானே நேரடியாக நமக்கு விற்றால் சான்று தேவையில்லை, அந்த முத்திரையையும் அவர் போட முடியாது. ஆகவே முத்திரை இல்லாததெல்லாம் பொய் என்று சொல்லிவிட முடியாது. தூரத்திலிருந்து வரும் பொருளுக்கு முத்திரையைப் பார்க்கிறேன், பக்கத்திலிருந்து வருவதற்கு ஆளைப் பார்க்கிறேன். இரண்டும் இல்லாமல் நடுவில் நிற்பதற்கு, அதாவது முத்திரையும் இல்லாமல் விளைவித்த ஆளும் தெரியாமல் கடைத் தட்டில் இருக்கும் உதிரிப் பொருளுக்கு, கூடுதல் காசு கொடுப்பதில்லை. என் பச்சை கிரேட் காலிஃபிளவர் இந்த நடுவில் நின்றதுதான்.

இனி அரிசி. ஆர்கானிக் என்று நீங்கள் கொடுக்கும் கூடுதல் காசுக்கு அதிகப் பலன் இங்கேதான். வீட்டில் மூன்று வேளையும் உள்ளே போவது அது. இன்னொரு காரணமும் உண்டு, அதை எனக்குச் சொன்னவர் பாகூர் பக்கத்து விவசாயி ஒருவர். மாப்பிள்ளைச் சம்பா, காட்டுயானம் போன்றவை ஆள் உயரம் வளரும் ரகங்கள். யூரியாவை அள்ளிப் போட்டால் இன்னும் நெடுநெடுவென்று வளர்ந்து கதிர் கனத்தில் சாய்ந்துவிடும். சாய்ந்த பயிரில் அறுவடை பாதி போச்சு. "நான் நல்லவன்னு யூரியா போடாம இல்லைம்மா, போட்டா எனக்குத்தான் நட்டம்" என்றார். எனக்கு இது எந்தச் சான்றிதழையும் விடப் பலமான உத்தரவாதமாகத் தோன்றியது. குட்டை ரகங்கள் யூரியாவைத் தாங்குவதற்கென்றே உருவானவை, அவற்றில் இந்தக் கடிவாளம் இல்லை.

அதற்காகப் பாரம்பரிய அரிசி என்று பெயர் இருந்தாலே எடுத்துவிடலாம் என்று சொல்லவில்லை. உரம் குறைவாக இருக்கலாம், பூச்சிமருந்து அடிக்க மாட்டார்கள் என்பதற்கு அது பொறுப்பில்லை. தெரிந்த விவசாயியிடமோ, உழவர் குழு நடத்தும் கடையிலோ, முத்திரையுள்ள பாக்கெட்டோ, மூன்றில் ஒன்று. நான் கடைசியாக வாங்கிய கிச்சிலிச் சம்பா கிலோ 95 ரூபாய். அதே வாரம் எதிர்க்கடைப் பொன்னி 60. தங்கை கவுனி கேட்டாள், யூடியூப் பார்த்திருப்பாள் போல. கருப்புக் கவுனி விலையும் அதிகம், வேகவும் நேரமாகும், ஒரு ராத்திரி ஊறவைக்க வேண்டும். தினச் சோற்றுக்குக் கிச்சிலியும் தூயமல்லியும் போதும். கவுனி பொங்கலுக்கு இருக்கட்டும்.

பருப்பில் துவரைக்கு முத்திரைதான் வழி, அது வடகர்நாடகம், மகாராஷ்டிரம் பக்கமிருந்து வருவது, விளைவித்தவரின் முகத்தை நாம் பார்க்கப் போவதில்லை. சூப்பர் மார்க்கெட்டில் 24 மந்த்ரா போன்ற பாக்கெட்டுகள் கிடைக்கின்றன, வாங்கலாம். உளுந்து கதை வேறு. சிதம்பரம், காட்டுமன்னார்கோவில் பக்கம் சம்பா அறுவடைக்கு ஒரு வாரம் பத்து நாள் முன்னால் நிற்கும் நெல்லுக்குள்ளேயே உளுந்தை விதைத்துவிடுவார்கள். வயலில் மிச்சமிருக்கும் ஈரத்திலும் பனியிலும் அது வளரும். மற்ற பயிர்களைவிடச் செலவும் மருந்தும் குறைவாகக் காணும் பயிர். அந்த உளுந்து பங்குனி, சித்திரையில் கடலூர்க் கடைகளுக்கு வரும். அம்மா அங்கே வருடத்துக்கு ஒரு தடவை வாங்கி, வெயிலில் காயவைத்து, இரண்டு வீட்டுக்கும் பிரித்துக் கொடுப்பார்.

கீரைக்கு வருகிறேன். முத்தியால்பேட்டை மார்க்கெட்டில் ஒரு பாட்டி தரையில் சாக்கு விரித்து உட்கார்ந்திருப்பார். முதல் நாள் எல்லாரையும் போலத்தான் கேட்டேன், "பாட்டி, இது மருந்து அடிச்சதா?" என்று. "அடிக்காம? சாம்பல் அடிப்பேன்" என்றார் தலையைத் தூக்காமல். சரி, பேச்சுக்காரர் என்று நினைத்துக்கொண்டு முளைக்கீரைக் கட்டை எடுத்தேன். கையைப் பிடித்துவிட்டார். "கண்ணு, முருங்கையும் பொன்னாங்கண்ணியும் எங்க வீட்டுக் கொல்லையில பறிச்சது. முளைக்கீரை என்னுது இல்ல, காலையில மண்டியில எடுத்தது. அதுக்கு என்னத்த ஊத்துனானோ, எனக்குத் தெரியாது." ஒரே சாக்கில் இரண்டு சங்கதி. அதைப் பிரித்துச் சொல்லும் ஆள் கிடைத்துவிட்டால் வேறென்ன வேண்டும்?

அப்புறம்தான் கேள்வியையே தப்பாகக் கேட்டுக்கொண்டிருந்தேன் என்று புரிந்தது. 'மருந்து அடிச்சதா' என்று கேட்டால் இல்லை என்றுதான் பதில் வரும். இப்போது "புழு வந்தா என்ன பண்ணுவீங்க?" என்று கேட்கிறேன். நிஜமாகவே இயற்கை முறையில் விளைவிப்பவர் இந்தக் கேள்விக்குப் பத்து நிமிஷம் பேசுவார். வேப்பங்கொட்டையை இடித்து ஊறவைப்பது, இஞ்சி, பூண்டு, பச்சைமிளகாய்க் கரைசல், மஞ்சள் அட்டையில் பசை தடவி வைப்பது. நம் கரைக்காரர்கள் மீன் கழிவையும் வெல்லத்தையும் சம அளவு போட்டு, மூடி, மூன்று வாரம் நொதிக்கவிட்டு மீன் அமிலம் செய்வதைப் பற்றிச் சொல்லும்போது முகமே மலரும். மூக்கைப் பிடித்துக்கொண்டு கேட்க வேண்டிய கதைதான். சும்மா விற்பவர், "அதெல்லாம் வராதும்மா" என்று முடித்துக்கொள்வார். இரண்டாவது கேள்வி, "தண்ணி எது?" கீரைக்கு இது ரொம்ப முக்கியம். ஊர்ச் சாக்கடை வாய்க்கால் ஓரத்தில் பாத்தி கட்டி வளர்ப்பவர்களும் உண்டு, மருந்தே அடிக்காவிட்டாலும் அந்தக் கீரை வேண்டாம்.

கடலூரில் இந்தப் பேச்சுக்கு உழவர் சந்தை நல்ல இடம். 1999-ல் மதுரையில் தொடங்கிய திட்டம், அடையாள அட்டை வைத்திருக்கும் விவசாயி இடைத்தரகர் இல்லாமல் விற்பது. பெயரைப் பார்த்துவிட்டு அங்கே விற்பதெல்லாம் இயற்கை விளைபொருள் என்று என் மைத்துனர் நம்பிக்கொண்டிருந்தார். அப்படி இல்லை, பெரும்பாலோர் மருந்து அடிப்பவர்கள்தான். ஆனால் அடித்தவர் உங்கள் எதிரிலேயே உட்கார்ந்திருக்கிறார். எப்போது அடித்தார், எத்தனை நாள் விட்டுப் பறித்தார் என்று அவரிடமே கேட்கலாம். அதே ஊரின் பான்பரி மார்க்கெட்டில் இந்தக் கேள்விக்குப் பதில் சொல்ல யாருமில்லை, காய் மட்டும் குவிந்து கிடக்கும். திங்கட்கிழமை காராமணிக்குப்பம் சந்தையையும் சிலர் சொல்வார்கள். நான் அங்கே போவது கருவாட்டுக்கு.

ஆரோவில்லை விட்டுவிட்டீர்களே என்பீர்கள். வெளியூர்ச் சொந்தக்காரர்கள் எல்லாருக்கும் இதே எண்ணம்தான், "ஆரோவில் பத்து கிலோமீட்டர், உங்களுக்கென்ன கவலை?" 1968-ல் அந்த ஊர் தொடங்கியபோது அது மழையில் அரித்துப்போன செம்மண் மேடு. அதைக் காடாகவும் கழனியாகவும் மாற்றியவர்கள் என்பதில் சந்தேகமில்லை. அன்னபூர்ணா பண்ணையில் நெல்லும் பாலும், மற்ற சின்னப் பண்ணைகளில் காய்கறியும் பழமும் விளைகின்றன. ஆனால் அந்தப் பண்ணைகளில் விளைவது அங்கே குடியிருப்பவர்களின் தேவைக்கே போதாது. அவர்களுக்கான விநியோக மையத்தில் நம்மைப் போல வெளியிலிருந்து போகிறவர்கள் பையை நீட்டி வாங்கிவிட முடியாது. ஆகவே பாண்டிச்சேரிக் கடையில் கூடை கூடையாக 'ஆரோவில் காய்' என்று குவித்திருந்தால், அவ்வளவு எங்கிருந்து வந்தது என்று ஒரு தடவை கேட்டுவிடுங்கள்.

எனக்கு அங்கே பிடித்தது சாலிட்யூட் பண்ணை. கிருஷ்ணா மெக்கன்சி என்ற ஆங்கிலேயர் நடத்துவது. தமிழ் பேசுவார், வீடியோக்களில் பார்த்திருப்பீர்கள். சாப்பாட்டில் பப்பாளிக்காய், வாழைத்தண்டு, சுண்டைக்காய், பெயர் மறந்துபோன கீரைகள் என்று வரும். நம் பாட்டி சமைத்ததை வெள்ளைக்காரர் பரிமாறினால்தான் நம் பிள்ளைகள் தட்டைக் காலி செய்கிறார்கள், இருக்கட்டும். மாதம் ஒருமுறை போய்ச் சாப்பிட்டு, கிடைக்கும் கீரையை வாங்கி வரலாம். வாராந்தரக் காய்க்கு அங்கே ஓடினால் பெட்ரோலுக்கும் நேரத்துக்கும் கட்டாது. நான் ஆறு மாதம் ஓடிப் பார்த்துவிட்டேன்.

ஆனால் அந்தச் சாப்பாட்டில் ஒன்றைக் கற்றுக்கொண்டேன். எந்தக் காயை ஆர்கானிக்காக வாங்குவது என்று தேடுவதைவிட, மருந்தே அதிகம் காணாத காயைச் சமைப்பது சுலபம். முருங்கை, அகத்தி, சுண்டை, வாழைப்பூ, வாழைத்தண்டு, சேனை, பிடிகருணை, பூசணி, பப்பாளிக்காய். இவற்றைச் சாதாரண மார்க்கெட்டிலேயே நிம்மதியாக வாங்குகிறேன். காலிஃபிளவர், கோஸ், கத்தரி, வெண்டை, பச்சைமிளகாய் இவைதான் மருந்தில் குளிப்பவை. காய்கறிக்கு மோனோகுரோட்டோபாஸ் என்ற பூச்சிமருந்தை அடிக்கக் கூடாது என்று 2005-லேயே தடை வந்துவிட்டது. இந்த வகை மருந்து செடிக்குள்ளேயே ஊடுருவிப் போவது, உப்புத் தண்ணீரிலும் புளித் தண்ணீரிலும் ஊறவைத்தால் மேலே ஒட்டியிருப்பது மட்டும்தான் போகும். இந்த ஐந்தையும் குறைத்துச் சமைக்கிறேன், தெரிந்தவரிடம் கிடைக்கும் நாளில் மட்டும் தாராளம். கறிவேப்பிலையும் புதினாவும் இதே ரகம்தான். இரண்டையும் மாடியில் பெயிண்ட் டப்பாவில் வைத்துவிட்டேன். வாடகை வீடாக இருந்தாலும் தங்கையாலும் இது முடியும்.

பண்ருட்டிச் சாலையில் ஒரே மண்ணில் இரண்டு மரம். சித்திரை, வைகாசியில் ரோட்டோரம் குவியும் பலாவுக்கு லேபிள் தேடாதீர்கள், அந்த உயரத்துக்கு ஏறி மருந்து அடிக்கிறவர் குறைவு. முந்திரி அப்படியல்ல. பூக்கும் பருவத்தில் தேயிலைக் கொசு என்ற பூச்சி இறங்கிவிட்டால் மருந்து அடித்தாக வேண்டும். அதனால் 'மரத்தில் விளைந்தது, இயற்கைதானே' என்று முந்திரியைச் சொல்லிவிட முடியாது.

வெல்லத்தில் வெளிர்மஞ்சள் வேண்டாம், அது ஹைட்ரோஸ் என்ற ரசாயனம் போட்டு வெளுத்த நிறமாக இருக்கலாம். கருத்தது எடுங்கள். நாட்டுக்கோழி முட்டை பற்றி எனக்கு இன்னும் தீர்மானமில்லை, ஓடு பழுப்பாக இருப்பது மட்டும் ஒரு சான்றும் ஆகாது.

கடைசியாக எண்ணெய். இங்கே பிரச்சினை பூச்சிமருந்தைவிடக் கலப்படம். மரச்செக்கு என்று பலகை வைத்த கடைகள் ஊருக்குள் நிறைய வந்துவிட்டன. எதை நம்புவது? கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒரு லிட்டர் கடலை எண்ணெய்க்கு ஏறக்குறைய இரண்டரை கிலோ பருப்பு வேண்டும். அன்றைய மல்லாட்டை, அதாவது நிலக்கடலைப் பருப்பு விலையை இரண்டரையால் பெருக்குங்கள். பிண்ணாக்கை விற்றுச் செக்குக்காரர் கொஞ்சம் ஈடுகட்டுவார், கூலியும் பாட்டிலும் அதில் சரியாகிவிடும். கடைக்காரர் சொல்லும் விலை இந்தக் கணக்குக்கு ரொம்பக் கீழே இருந்தால் அந்த எண்ணெயில் வேறு ஏதோ இருக்கிறது. விலை மலிவு என்று ஒரு இடத்தில் ஐந்து லிட்டர் வாங்கிவிட்டு, அன்று இரவுதான் நான் இந்தக் கணக்கைப் போட்டேன். இப்போது கடலூர்ப் பக்கமிருந்து மல்லாட்டை வந்ததும் பருப்பாக வாங்கி, வெயிலில் காட்டி, செக்கில் கொடுத்து எதிரிலேயே ஆட்டிக்கொள்கிறேன். பிண்ணாக்கு பக்கத்து வீட்டு மாட்டுக்கு.

தங்கையால் மாதம் 1,500 ரூபாய் கூடுதலாகச் செலவழிக்க முடியுமாம். அரிசிக்கு 600, எண்ணெய்க்கு 400, துவரம் பருப்புக்கு 200 என்று பிரித்துக் கொடுத்தேன். மீதி 300-ஐ எந்த ஆர்கானிக் கடையிலும் கொடுக்காமல் பாட்டியின் சாக்கில் கொடுக்கச் சொன்னேன். பாலையும் காயையும் அவள் வழக்கமாக வாங்கும் இடத்திலேயே வாங்கட்டும். குழந்தைக்கென்று தனியாக 'ஆர்கானிக் கஞ்சி மாவு' டப்பா ஒன்று வாங்கி வைத்திருந்தாள், 300 கிராம், விலையைக் கேட்டால் ஐந்து கிலோ அரிசி வந்துவிடும். கிச்சிலியையும் பாசிப்பருப்பையும் வறுத்து மில்லில் அரைத்துக்கொள் என்றேன். முறைத்தாள், ஆனால் அரைத்துவிட்டாள்.

அரிசியை மட்டும் ஐந்து கிலோவுக்கு மேல் வாங்காதே என்று சொல்லியிருக்கிறேன். மருந்தில்லாத அரிசியில் வண்டு சீக்கிரம் விழும். போன வருடம் 25 கிலோ மூட்டை வாங்கி, வேப்பிலையும் காய்ந்த மிளகாயும் போட்டு வைத்தும், பாதியை முறத்தில் புடைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். சம்பா அறுவடை முடிந்து புது அரிசி மாசியில் வரும். பாகூர்க்காரர் போன் செய்கிறேன் என்றிருக்கிறார்.